வெள்ளை மானை எங்கே கொண்டுபோனீர்கள்?

எங்கள் சந்தியில் உள்ள பப்பை வாங்கிய நிறுவனத்தாருக்கு,

வணக்கம். உங்களுக்கு ஆங்கிலத்தில் இரண்டு முறை எழுதினேன். இரண்டு முறையும் 'உங்கள் கருத்தை மதிக்கிறோம்' என்ற ஒரே பதில், ஒரே எழுத்துப்பிழையுடன் வந்தது. மூன்றாவது மடலைத் தமிழில் எழுதுகிறேன். நீங்கள் வாசிக்கப்போவதில்லை என்றானபின், வாசிக்கிறவர்களாவது வாசிக்கட்டும்.

விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். கோடையில் சாரம் கட்டினீர்கள். செங்கல் சுவருக்குச் சாம்பல் நிறம் அடித்தீர்கள். 'ஒயிட் ஹார்ட்', அதாவது வெள்ளை மான், என்ற பெயரை எடுத்துவிட்டு, சவர்க்காரத்துக்கு வைக்கக்கூடிய ஒரு பெயரை வைத்தீர்கள். பெயரோடு படப்பலகையும் போய்விட்டது. அது தொங்கிய இரும்புக் கை மட்டும் தெருவுக்கு மேலே வெறுமனே நீட்டிக்கொண்டு நிற்கிறது. அந்தப் பலகையை மறுபடி மாட்டுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

நான் குடிப்பதில்லை. என் அம்மாவோ ஊரில் கள்ளுத் தவறணை இருந்த ஒழுங்கையைக்கூடத் தவிர்த்துச் சுற்றிப் போனவர். ஆனால் லண்டனுக்கு வந்த இந்த முப்பது வருடங்களில் அவருக்கு வழிகாட்டியவை உங்கள் தவறணைகள்தான். ஆங்கில எழுத்து அவருக்குப் பிடிபடவில்லை, படம் பிடிபட்டது. யாழ்ப்பாணத்தில் நாச்சிமார் கோயிலடி, புளியடி என்று இடம் சொல்லிப் பழகியவர், இங்கே வெள்ளை மானடி, அன்னத்தடி, மணியடி என்று தனக்கென்று ஊரையே பெயரிட்டுக்கொண்டார். 'ராயல் ஓக்' என்ற பப் அவருக்கு அரசமரத்தடி. 1651-இல் வூஸ்டர் போரில் தோற்ற இரண்டாம் சார்ல்ஸ், பொஸ்கொபெலில் ஓர் ஓக் மரத்தில் ஏறி ஒளிந்திருந்தார், அந்த ஓக் வேறு, நம் அரசு வேறு என்று நான் விளக்கப்போனேன். "அரசன் ஏறின மரம் அரசமரம்தானே பிள்ளை" என்று முடித்துவிட்டார்.

கடந்த நவம்பரில் அவர் கண் மருத்துவமனைக்குப் போய்விட்டுத் தனியாக பஸ்ஸில் திரும்பினார். நான் வேலையில் இருந்தேன். மாலை நாலரைக்கே இருட்டிவிடும் காலம். பஸ்ஸின் ஒலிபெருக்கி தெருப் பெயரைத்தான் சொல்லும். அம்மா பார்த்துக்கொண்டிருந்தது மானை. மான் வரவில்லை. கடைசித் தரிப்பிடம் வரைக்கும் மான் வரவில்லை. எல்லோரும் இறங்கியபின் ஓட்டுநர் வந்து எங்கே போகவேண்டும் என்று கேட்டிருக்கிறார். அம்மா தனக்குத் தெரிந்த ஒரே ஆங்கிலச் சொல்லைச் சொல்லியிருக்கிறார்: "டியர்". அவர் அதை அன்பான விளிப்பு என்று எண்ணிச் சிரித்திருக்கிறார். அம்மா இரண்டு கைகளையும் தலைக்கு மேலே வைத்துக் கொம்பு காட்டியிருக்கிறார். எழுபத்தெட்டு வயது மனுசி, கண்ணில் விட்ட சொட்டு மருந்தின் மங்கல் தெளியாத நிலையில், காலியான பஸ்ஸில் நின்று மானாக நடித்துக்காட்ட வேண்டியிருந்தது. கைப்பையில் இருந்த துண்டில் என் இலக்கத்தைக் கண்டு அந்த நல்ல மனிதர் அழைத்தார். அன்றிலிருந்து அம்மா தனியாக வெளியே போவதில்லை.

ஒரு படத்துக்கு இவ்வளவா என்று நீங்கள் கேட்கலாம். அந்தப் படங்கள் தொங்கவிடப்பட்டதே எழுத்தறியாதவர்களுக்காகத்தான். 1393-இல் இரண்டாம் ரிச்சர்ட் காலத்தில், ஏல் என்ற பியரைக் காய்ச்சி விற்பவர் வாசலில் அடையாளம் தொங்கவிட வேண்டும், இல்லாவிட்டால் காய்ச்சியதை இழக்க வேண்டும் என்று விதித்தார்கள். தரம் பார்க்க வரும் சோதகருக்கும் அது அடையாளம். (ஷேக்ஸ்பியரின் தந்தையும் ஸ்ட்ராட்ஃபோர்டில் அந்தச் சோதகர் வேலை பார்த்தவர்தான்.) கழுத்தில் பொன் முடியும் சங்கிலியும் பூண்ட வெள்ளை மான் அந்த ரிச்சர்டின் சொந்தச் சின்னம். 1399-இல் அவருடைய ஆட்சி பறிபோனது. மான் போகவில்லை; இங்கிலாந்து முழுதும் பப் வாசல்களில் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது. உங்கள் கட்டடம் விக்டோரியா காலத்தது. மான் அதைவிட மூத்தவர் என்பதையாவது நினைத்திருக்கலாம்.

பழைய பெயர் எல்லாமே புனிதம் என்று நான் சொல்லவில்லை. 2021-இல் ஒரு பெரிய நிறுவனம் 'பிளாக் பாய்' என்ற பெயருடைய தன் பப்களுக்கு வேறு பெயர் வைக்க முடிவெடுத்தபோது, நிறம் காரணமாகப் பேச்சு வாங்கிய எங்களைப் போன்றவர்களுக்கு அது நல்ல செய்திதான். அங்கே மாற்றுவதற்கு ஒரு காரணம் இருந்தது. மான் யாரை நோகடித்தது?

உள்ளூர் கவுன்சிலிடமும் போனேன். பெயரை மாற்றுவது உரிமையாளரின் விருப்பம் என்றார்கள். பப்பை இடிப்பதற்குத் திட்ட அனுமதி வேண்டும். அதன் பெயரை அழிக்க ஒரு குவளைச் சாயம் போதும். 2015-இல் லண்டன் மேடா வேலில் கார்ல்டன் டேவர்ன் என்ற பப் அனுமதியின்றி இடிக்கப்பட்டபோது, இடித்தவர்களையே மறுபடி கட்டவைத்தார்கள். 2021-இல் அது திறந்தது. செங்கலுக்கு இருக்கும் மரியாதை பெயருக்கு இல்லை. நாளைக்கு ஏஞ்சல், எலிஃபன்ட் அண்ட் காசில், சுவிஸ் காட்டேஜ் சுரங்க ரயில் நிலையங்களுக்கும் சவர்க்காரப் பெயர் வைக்கலாமே. அவையும் மதுக்கடைகளிடம் வாங்கிய பெயர்கள்தானே! எங்கள் தெருவில் வாகனம் நிறுத்தக் கட்டணத்தை உயர்த்தும்போது மட்டும் வீடு வீடாகக் கருத்துக் கேட்ட கவுன்சில், இதற்கு ஒரு வரி கேட்டிருக்கலாம்.

மன்னிக்கவும். கவுன்சில் மேல் உள்ள கோபத்தை உங்கள் மேல் கொட்டுவது சரியல்ல. உள்ளே நீங்கள் விரும்பியபடி விளக்கு மாட்டுங்கள், என்ன விலைக்கும் விற்றுக்கொள்ளுங்கள். உங்கள் புதிய பெயரைக்கூடச் சுவரில் அப்படியே வைத்திருங்கள். பலகையை மட்டும் பழைய இடத்தில் மாட்டிவிடுங்கள் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். அது உங்கள் கிடங்கில் கிடந்தால் ஒரு வரி எழுதுங்கள். சாயம் மங்கியிருந்தால் பூசுகிற செலவை நான் தருகிறேன். ஏணி பக்கத்து வீட்டில் இருக்கிறது.

அம்மாவுக்கு அடுத்த கண் பரிசோதனை மார்ச் மாதம் பதினோராம் தேதி. அதற்கு முன் மாட்டிவிட்டால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
வெள்ளை மானடிக்கு அடுத்த தெருவில் குடியிருப்பவள்