நிலா விடுகதைகள்: வானியல் பிரிவின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, மன்ற உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

பெங்களூரில் வளரும் நம் பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. அதனால் இந்த ஆண்டு வானியல் வகுப்பை முழுக்க விடுகதையாகவே நடத்தினோம். "இரவெல்லாம் பூங்காடு, பகலெல்லாம் வெறுங்காடு" என்று தொடங்கினால் போதும், தாளும் பேனாவும் வேண்டாம். புது விடுகதைகளுக்கு ஒரே நிபந்தனை: விடை சொல்பவர், அது எப்படித் தெரியும் என்பதையும் சொல்ல வேண்டும்.

மழை மாதங்களில் மொட்டைமாடி பயன்படவில்லை. சோதனைகள் கூடத்துக்குள் நடந்தன.

"ஒரே வீடு, இரண்டு தரை. வெள்ளைத் தரையில் வடு நிறைய, கறுப்புத் தரையில் வடு கொஞ்சம். முதலில் போட்ட தரை எது?" நிலாவின் வெள்ளைப் பகுதிதான் மூத்தது. வடு என்பது விண்கல் மோதிய குழி; அதிக காலம் கிடந்த தரையில் அது அதிகம் இருக்கும். ஆதியில் உருகிக் கிடந்த நிலாவில், பாலின் மேல் ஆடை படிவதுபோல் எடை குறைந்த கனிமம் மிதந்து உறைந்த தரை அது. 2023 ஆகஸ்டில் இறங்கிய சந்திரயான்-3இன் பிரக்யான் ஊர்தி அளந்த மண்ணும் இதோடு ஒத்துப்போகிறது. கறுப்பு, பிறகு பரவிய எரிமலைக் குழம்பு.

இதைத் தட்டில் காட்ட மைதாவை 3 செ.மீ. ஆழத்துக்குப் பரப்பி 40 கூழாங்கற்களை ஒவ்வொன்றாகப் போட்டு எடுக்க வேண்டும். பிறகு பாதித் தட்டைப் புது மாவால் மூடி, இன்னும் 10 கல். ஈரக்காற்றில் மாவு கட்டிதட்டினால் குழியின் விளிம்பு உடையும். சலித்து வெயிலில் காயவைத்தால் சரியாகும். ரவை உதவாது, குழி உடனே சரிந்து மூடிக்கொள்ளும். கல் அளவுக்கு மீறினால் புதுக் குழி பழையதை அழித்துவிடும், எண்ணிக்கை ஏறாது. நிலாவின் மிகப் பழைய பகுதிகளிலும் இதே சிக்கல் உண்டு.

குழி எண்ணினால் மூத்தது இளையது தெரியும், எத்தனை ஆண்டு என்பது தெரியாது. அதற்குக் கல் கைக்கு வர வேண்டும். அப்பல்லோ 11 கொண்டுவந்த கறுப்புக் கற்களின் வயது 360 கோடி ஆண்டுகளுக்கு மேல். 2020இல் சீனாவின் சாங்-இ 5 கொண்டுவந்தவை சுமார் 200 கோடி.

கல்லின் வயதுக்குத் தாயக்கட்டம் ஆடும் புளியங்கொட்டையே போதும். 100 கொட்டைகளை ஒரு பக்கம் மட்டும் வெள்ளை தெரியத் தேய்த்துக்கொள்ள வேண்டும். குலுக்கிப் போட்டு, வெள்ளை மேலே விழுந்தவற்றை எடுத்துவிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டாணி வைக்க வேண்டும். கல்லில் உள்ள ஒருவகைப் பொட்டாசியம் மெல்ல மெல்ல ஆர்கான் வாயுவாக மாறும். இங்கே கொட்டை பொட்டாசியம், பட்டாணி ஆர்கான். வெளியே நின்ற பிள்ளை உள்ளே வந்து, இரண்டையும் எண்ணி, எத்தனை முறை குலுக்கினார்கள் என்று சொல்ல வேண்டும். இந்த ஆண்டின் மிகச் சிறந்த விடுகதை இதுதான் என்பது என் கருத்து.

தேய்த்த பக்கம் தட்டையாகிவிடுவதால் கொட்டை சரிபாதியாக விழாது. எனவே முதலில் எல்லாவற்றையும் பத்து முறை போட்டுப் பார்க்க வேண்டும். 1000க்கு 400 வெள்ளை என்றால் மிஞ்சுவது 60, பிறகு 36, பிறகு 22 என்ற கணக்கில் இறங்கும். பட்டாணியில் சிலவற்றை யாராவது எடுத்துவிட்டால் குலுக்கல் குறைவாகத் தோன்றும். விண்கல் மோதிய சூட்டில் ஆர்கான் தப்பிப்போன நிலாக்கல்லும் இப்படித்தான் தன் வயதைக் குறைத்துச் சொல்லும்.

"கார்த்திகைப் பெண்களா, நிலாவா, யார் மூத்தவர்?" பெரியவர்களும் தடுமாறியது இதில்தான். கார்த்திகை மீன்கூட்டத்துக்கு வயது ஏறக்குறைய 10 கோடி, நிலாவுக்கு 450 கோடி. அந்த விண்மீன்கள் பிறந்தபோது பூமியில் டைனோசர்கள் நடமாடிக்கொண்டிருந்தன. சுமார் 440 ஒளியாண்டு என்ற தொலைவையே வயதாகச் சொன்னவர்கள் உண்டு. அது ஒளி வந்துசேர எடுத்த காலம் மட்டுமே. ஒரு பில்லியனைப் பத்துக் கோடி என்று மாற்றும் பிழையும் அடிக்கடி வந்தது. ஒரு பில்லியன் 100 கோடி.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

வரும் ஆண்டில் மொட்டைமாடிக் கூட்டங்களை நவம்பர் முதல் மார்ச் வரை, வளர்பிறை சப்தமிக்கும் தசமிக்கும் இடைப்பட்ட மாலைகளில் வைக்கலாம். பௌர்ணமியில் நிழல் விழாது, குழிகள் தட்டையாகத் தெரியும். டைக்கோ குழியிலிருந்து கிளம்பும் வெள்ளைக் கதிர்களுக்காக மட்டும் ஒரு பௌர்ணமிக் கூட்டம் வேண்டும். 10×50 இருகண்நோக்கிக்கு ஒரு முக்காலியும் தேவை. கையில் பிடித்தால் நிலா ஆடுகிறது. புளியங்கொட்டை சேர்த்து வைத்திருப்பவர்கள் கொடுத்து உதவவும்.

இப்படிக்கு,
செயலாளர்