துடைப்பத்துக்குக் கவித்துவம் இல்லையாமே!

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு தங்கள் சிறுவர் இணைப்பில், குழந்தைப் பாடல் எழுதுவது எப்படி என்று ஒரு கட்டுரை வந்திருந்தது. ‘எழுதலாம் வாங்க’ என்று கூப்பிட்டிருந்தார்கள், நானும் ஆசையாகத்தான் போனேன். மூன்றாவது பத்தியில் இப்படி ஒரு வாக்கியம்: “துடைப்பம், வாளி போன்ற வீட்டில் புழங்கும் பொருள்களில் கவித்துவம் குறைவு என்பதால், நிலா, வானவில், மயில் போன்றவற்றைப் பாடுபொருளாகக் கொள்வது நலம்.” அதற்கு மேல் காபி இறங்கவில்லை.

நான் புதுக்கோட்டை மாவட்டத்துக்காரி. மயில் எங்களுக்குப் புதிதல்ல, விராலிமலைப் பக்கம் போனால் கோழி மாதிரி திரியும். அதைப் பாடுவதில் எனக்கு ஆட்சேபணை கிடையாது. ஆனால் துடைப்பம் என்ன பாவம் செய்தது? ஐந்து வயதுப் பையன் அதிலிருந்து ஈர்க்குச்சியை உருவி வில் வளைப்பான், நாக்கு வழிப்பான், எறும்புக்குப் பாலம் போடுவான், கடைசியில் அதே குச்சியால் அடியும் வாங்குவான். வானவில்லை உருவி விளையாடிய பிள்ளையை நான் இன்னும் பார்க்கவில்லை.

அந்த நிலாவையாவது சும்மா விட்டோமா? ஓடி வா என்று கூப்பிட்டு, மலைமேல் ஏறச் சொல்லி, மல்லிகைப்பூ வாங்கிவர அனுப்பினோம். கடைக்குப் பிள்ளையை விரட்டுகிற மாதிரி. நம் பாட்டிகளுக்கு நிலாவும் வீட்டில் புழங்குகிற சாமான்தான். தேங்காயைப் பார்த்து ‘ஊசி நுழையாத கிணற்றிலே ஒரு படி தண்ணீர்’ என்று விடுகதை போட்டவளிடம் போய், “அம்மா, தேங்காயில் கவித்துவம் குறைவு” என்று சொல்லிப் பாருங்கள். திருகாணி கழன்றுவிடும்.

இதெல்லாம் தங்களுக்குத் தெரியாததல்ல. புத்தர் சரித்திரத்தையே பாடிய கவிமணி, பிள்ளைகளிடம் வந்தபோது தோட்டத்தில் மேய்கிற பசுவையும் கன்றையும்தான் எடுத்துக்கொண்டார். எங்கள் பக்கத்து இராயவரத்தில் 1922ல் பிறந்த அழ. வள்ளியப்பா, வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே, ஒரு தட்டையும் எட்டு லட்டையும் வைத்துப் பாடினார். ‘ட்டு’ ‘ட்டு’ என்று நாக்கு தட்டுகிற தட்டில் பிள்ளைகளுக்குக் கணக்கும் வந்துவிடும், பசியும் வந்துவிடும். அவரும் வானவில்லைத் தேடிப் போயிருந்தால் லட்டு நமக்குக் கிடைத்திருக்காது. 2022ல் அவருக்கு நூற்றாண்டு. அந்த வருஷம் தங்கள் பத்திரிகை அவருக்குக் கொடுத்த இடத்தை அளந்து வைத்திருக்கிறேன், சொல்ல வேண்டாமென்று பார்க்கிறேன்.

முப்பத்தொரு வருஷம் ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்தவள் நான். பாட்டும் எழுதியிருக்கிறேன். 1994ல் ஒரு சிறுவர் பத்திரிகைக்கு (தங்களுடையது அல்ல, பயப்பட வேண்டாம்) இதை அனுப்பினேன்:

கொடியில் தொங்குது என்சட்டை
காற்று புகுந்தது, பெருந்தொப்பை!
தாத்தா வந்தார் எனநினைத்தேன்
காற்று போச்சு, வெறுஞ்சட்டை!

நாலு வரிதானே என்று நினைக்கலாம். பதினொரு நாள் ஆனது. மூன்றாவது வரியை முதலில் ‘எங்கள் தாத்தாவோ என்று எண்ணினேன்’ என்றுதான் எழுதியிருந்தேன். வகுப்பில் பாடிக் காட்டினேன். கைதட்டிக்கொண்டே வந்த பிள்ளைகள் அந்த இடத்தில் தடுக்கி விழுந்தார்கள். ஒருவன் கை மேலேயே நின்றுவிட்டது. தாளில் பார்த்தபோது எனக்குத் தெரியாத பிழை அவன் கையில் தெரிந்தது. திருத்திக்கொண்டு போய் மறுபடி பாடினேன், தட்டு நிற்காமல் ஓடியது. அப்புறம்தான் தபாலில் சேர்த்தேன்.

இரண்டு மாதம் கழித்துப் பாட்டு அச்சில் வந்தது. என் பெயரும் இருந்தது. ஆனால் பாட்டு ஆறு வரியாகியிருந்தது. ‘துவைத்த ஆடை அணிந்திடுவோம், தூய்மை காத்து வாழ்ந்திடுவோம்’ என்று கீழே இரண்டு வரி. யார் எழுதினார்களோ, நன்றாகத் துவைத்துவிட்டார்கள். பக்கத்தில் படம் வேறு: கண்ணாடி பதித்த அலமாரி, அதில் ஹேங்கரில் ஒரு கோட்டு. கொடியும் இல்லை, காற்றும் இல்லை, தாத்தாவும் இல்லை. பதினைந்து ரூபாய் மணியார்டர் வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன், அதுதான் இன்னும் உறுத்துகிறது.

காற்று போனதும் சட்டை சுருங்குவதைப் பார்த்து பிள்ளை சிரிக்கிறதே, அது போதாதா? கீழே எதற்கு ஒரு நீதி வால்? நமக்குக் குழந்தை என்றாலே பல் தேய்க்கச் சொல்ல வேண்டிய ஆள் என்று ஒரு நினைப்பு. போன வருஷம் ஒரு கவிதைப் போட்டிக்கு நடுவராகப் போனேன். வந்ததில் பாதிக்கு மேல் ‘மரம் நடுவோம்’. எல்லாம் அப்பா அம்மா கைவண்ணம். ஒரு சிறுமி மேடையில் ‘பசுமைப் புரட்சி’ என்று முழங்கிவிட்டு இறங்கினாள். மேடை ஓரத்து வேப்பமரத்தில் ஓணான் ஒன்று தலையாட்டிக்கொண்டிருந்தது, அதைத்தான் அவள் கடைசி வரை பார்த்துக்கொண்டிருந்தாள். எழுத வேண்டிய கவிதை அங்கே இருந்தது. பரிசு வேறு கவிதைக்குப் போனது, அதிலும் மரம்தான்.

சரி, சொல்ல வந்ததைச் சொல்கிறேன். எங்கள் பள்ளிக்கூடத்து வாசலில் ஒரு அடிபம்பு இருந்தது. ஒருநாள் பாடம் நடத்த மனமில்லை. போய் ஆளுக்கு ஒரு பொருளைப் பார்த்துவிட்டு வாருங்கள், பார்த்ததைச் சொல்லுங்கள் என்று பிள்ளைகளை அனுப்பினேன். கல், செருப்பு, சத்துணவுக் கூடத்து அண்டா என்று ஒவ்வொன்றாக வந்தது. இரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, வாயே திறக்காதவள், எழுந்து நின்று சொன்னாள்:

அடிபம்பு அடிபம்பு
அம்மா அடிச்சா தண்ணி வருது
நான் அடிச்சா நான்தான் மேல போறேன்!

வகுப்பு ஒரு நொடி அப்படியே இருந்தது. பிறகு எல்லோரும் குதித்தார்கள், ஏனென்றால் எல்லோரும் அந்தக் கைப்பிடியில் தொங்கியவர்கள்தான். அமுக்க எடை போதாமல், அது ஆளையே தூக்கிவிடும். அந்த வாரம் முழுக்கத் தண்ணீர் பிடிக்கப் போன பிள்ளைகள் அதைப் பாடிக்கொண்டேதான் தொங்கினார்கள். நான் இத்தனை வருஷம் எழுதியதில் இதற்குப் பக்கத்தில் நிற்கிற மாதிரி ஒரு வரி கிடையாது.

கரும்பலகையில் எழுதி வைத்திருந்தேன். அந்தச் சமயம் பார்த்து ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒருவர், “என்ன டீச்சர், போறேன் என்று போட்டிருக்கிறீர்கள்? செல்கிறேன் என்று திருத்துங்கள்” என்றார். திருத்தினேன். என்ன செய்வது, சம்பளம் வாங்குகிறவள். அவர் ஜீப் திரும்புவதற்குள் அந்தப் பெண்ணே எழுந்து வந்து அழித்துவிட்டு ‘போறேன்’ என்று எழுதினாள். ‘றே’ சரியாக வந்திருந்தது.

தங்கள் கட்டுரையாளர் மெத்தப் படித்தவராகத் தெரிகிறது. எதுகை, மோனை, இயைபு எல்லாம் விளக்கியிருக்கிறார். ஆனால் குக்கர் விசிலையும், மழையில் தகரக் கூரை தடதடப்பதையும் காதால் கேட்டு எழுதச் சொல்லி ஒரு வரி இல்லை. சலசல, கடகட, மொறுமொறு என்று இரட்டைக்கிளவியை இவ்வளவு வைத்திருக்கிற மொழியில் இருந்துகொண்டு, ‘அழகிய நிலாவே, ஆனந்த நிலாவே’ என்று மாதிரிப் பாட்டு கொடுத்திருக்கிறார். அதை ஒன்றாம் வகுப்பில் பாடிக் காட்டினால், இரண்டாவது வரியிலேயே பாதிப் பேர் ஒன்றுக்குப் போக விரலைத் தூக்குவார்கள்.

இவ்வளவு எழுதிவிட்டு நான் கேட்கப்போவது சின்ன விஷயம். அதே இணைப்பின் கடைசிப் பக்கத்தில் நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் எழுதிய பாட்டு இருந்தது. நகைக்கடை விளம்பரத்துக்கு இடம் போனதாலோ என்னவோ, நாலு வரியையும் ஒரே வரியாக ஓட்டி, நடுவில் சாய்வுக்கோடு போட்டிருந்தீர்கள். தயவுசெய்து நாலு வரிப் பாட்டை நாலு வரியாகவே போடுங்கள். பிள்ளைகள் எங்கே மூச்சு விடுவதென்று அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறார்கள்.

அடிபம்புப் பாட்டைத் தனித்தாளிலும் எழுதி வைத்திருக்கிறேன். அவள் இப்போது இரண்டு பிள்ளைகளுக்குத் தாய், கேட்டதற்குப் பேரில்லாமல் போடலாம் என்றாள். போடுவதாக இருந்தால் மூன்று வரியாகவே இருக்கட்டும். ‘போறேன்’ அப்படியே இருக்கட்டும். படம் வரைகிறவரிடம் அடிபம்பு என்றால் என்னவென்று ஒருமுறை சொல்லிவிடவும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியை,
புதுக்கோட்டை மாவட்டம்.
(பெயர் வெளியிட வேண்டாம்)