தேய்ந்த விரலும் ரேஷன் கடைக் கருவியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தமிழக நியாய விலைக் கடைகளில் 2020 அக்டோபரில் கைரேகைப் பதிவு நடைமுறைக்கு வந்தது. பொருள் உரியவரைச் சேர வேண்டும் என்ற அதன் நோக்கத்தில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்தக் கருவி யாருடைய விரலுக்கு, எப்படிப்பட்ட இடத்தில் பயன்படப்போகிறது என்பது அதன் வடிவமைப்பில் போதிய அளவு எண்ணிப் பார்க்கப்படவில்லை.

விரல் நுனியின் மேடு பள்ளங்கள் தெளிவாக இருந்தால்தான் கருவியால் ரேகையைப் படிக்க முடியும். பீடி சுற்றுவோர், செங்கல் சூளைத் தொழிலாளர், சிமென்ட் கலவை குழைப்போர் ஆகியோருக்கு ரேகை உழைப்பிலேயே தேய்ந்துவிடுகிறது. முதுமையில் தோல் உலர்ந்து மேலும் மங்குகிறது. அலுவலக மேசையில் குறையின்றி இயங்கும் அதே கருவி, மாதத் தொடக்கத்தில் வரிசை நீண்டு, பின்னால் நிற்பவர்கள் அவசரப்படுத்த, விரலைத் தலைமுடியில் தேய்த்துத் தேய்த்து வைக்கும் ஒரு மூதாட்டியிடம் பயனற்றுப் போகிறது. திரையோ விற்பனையாளரின் பக்கம் திரும்பியிருக்கிறது. பிழை தன் விரலிலா, இணைய இணைப்பிலா என்பதுகூட அவருக்குத் தெரிவதில்லை. தன் கையில்தான் ஏதோ குறை என்று அவர் கூசி நிற்பதைக் காண மனம் பொறுக்கவில்லை.

2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தின் கீழ், முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பொருள்கள் வீட்டுக்கே வருவது உள்ளபடியே பாராட்டத்தக்கது. எனினும் ஐம்பது வயதிலேயே ரேகை தேய்ந்த தொழிலாளி இன்னமும் வரிசையில்தான் நிற்கிறார். கைரேகை பொருந்தாத காரணத்தால் எவருக்கும் பொருள் மறுக்கப்படக் கூடாது என்று மத்திய உணவுத் துறை 2017 அக்டோபரிலேயே அறிவுறுத்தியுள்ளது. அந்த உரிமையைக் கடைக்கு வருபவர் அறியும்படி கருவியே சொல்ல வேண்டாமா?

ஆகவே, எல்லாக் கடைகளிலும் கருவிழிப் பதிவுக்கு வசதி செய்யவும், பிழை எங்கே என்பதையும் அடுத்து என்ன செய்யலாம் என்பதையும் கருவி தமிழில் உரக்கச் சொல்லும்படி அமைக்கவும், புதிய கருவிகளை வாங்குமுன் சூளைகளும் பீடித் தொழிலும் மிகுந்த ஊர்களின் கடைகளில், கூட்டம் மிகுந்த நாள்களில் சோதித்துப் பார்க்கவும் உணவுத் துறை முன்வர வேண்டுமெனத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
திருநெல்வேலி