வசூல் விவரத்தை எழுத்தில் தாருங்கள்: கடன் தள நிர்வாகத்தினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். பலரின் பணத்தைத் திரட்டி நிறுவனங்களுக்குக் கடனாகக் கொடுக்கும் உங்கள் பி2பி தளத்தில் எங்கள் நிறுவனத்தின் பணத்தைக் கடனாகக் கொடுத்திருக்கிறோம். எந்தெந்தக் கடன்கள் திரும்பாமல் நிற்கின்றன என்பது உங்களுக்கே தெரியும். தவணை தவறும் ஆபத்து உண்டென்று தெரிந்துதான் கையெழுத்துப் போட்டோம். நான் நட்டஈடு கேட்கவில்லை. ஒவ்வொரு கடனின் வசூலும் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று எழுத்தில் தாருங்கள்.

கணக்கைத் திறந்தால் 'தாமதம் - வசூல் நடவடிக்கையில்' என்று ஒரு வரி. மாதக்கணக்காக அதில் ஓர் எழுத்தும் மாறவில்லை. வழக்கறிஞர் கடிதம் போனதா? கடன் வாங்கிய நிறுவனத்துக்காக உத்தரவாதம் கொடுத்த அதன் இயக்குநர் என்ன சொன்னார்? அந்த நிறுவனம் இன்னும் நடக்கிறதா?

ஆண்டுக் கணக்கு முடிக்கும் நேரம் இது. "இதில் எவ்வளவு வரும், எவ்வளவை வாராக்கடனாக எழுதுவது?" என்று கணக்காளர் கேட்கிறார். உங்களிடம் கேட்டால் அதே வரியைத் திருப்பி அனுப்பி, பொறுமைக்கு நன்றி என்கிறீர்கள். நிதி அறிக்கையில் கையெழுத்திட வேண்டியவன் நான். எதை வைத்து ஒரு தொகையை எழுதுவேன்? காக்கி புக்கிட்டில் உள்ள எங்கள் அச்சகத்துக்குப் புது இயந்திரம் வாங்க ஒதுக்கிய பணம் அது. பழைய இயந்திரத்தில் ரோலர் தேய்ந்து, கல்யாணப் பத்திரிகையில் மை திட்டுத்திட்டாக விழுகிறது.

நிறுவனமாகப் பணம் போட்டவர்களுக்குப் போக்கிடமும் இல்லை. வங்கியில் இருந்திருந்தால் வைப்புத்தொகைக் காப்புறுதி 100,000 வெள்ளி வரை பாதுகாத்திருக்கும்; இங்கே அது கிடையாது. நிதித் தகராறுகளைத் தீர்த்துவைக்கும் ஃபிட்ரெக் அமைப்பு தனிநபர், தனியுரிமையாளர் புகார்களைத்தான் எடுக்கும். எங்களைப் போன்ற பிரைவேட் லிமிடெட் நிறுவனம் அங்கே போக முடியாது. வட்டிக்கு 17 விழுக்காடு நிறுவன வரி. அசல் போனால், கடன் கொடுப்பதைத் தொழிலாகச் செய்யாத எங்களால் அந்த நட்டத்தை வரியில் கழிக்கவும் முடியாது. வரிச் சட்டத்துக்கு நீங்கள் பொறுப்பில்லை, அதை உங்களிடம் சொல்லிப் பயனுமில்லை. ஆனால் கடனாளியிடம் நாங்கள் நேரடியாகப் பேசக்கூடாது என்பது உங்கள் ஒப்பந்தம். வசூல் உரிமை முழுவதையும் கையில் வைத்திருப்பவர்கள் கணக்குச் சொல்ல வேண்டாமா? வந்த தவணை ஒவ்வொன்றிலும் உங்கள் கட்டணத்தைத் தவறாமல் பிடித்துக்கொண்டீர்களே!

தயவுசெய்து, இந்த மாத இறுதிக்குள், கடைசியாக எடுத்த நடவடிக்கையும் அதன் தேதியும், வசூலான தொகை, பிடித்த வழக்குச் செலவு, நிலுவை ஆகியவற்றைக் கடன்வாரியாக எழுதி அனுப்புங்கள். ஒன்றும் வசூலாகவில்லை என்றால் அதையே எழுதுங்கள். கணக்கை முடிக்க அதுவே எங்களுக்குப் போதும்.

இப்படிக்கு,
அச்சக நிறுவன இயக்குநர் ஒருவர்
சிங்கப்பூர்