உன் முழங்காலும் அந்தப் பிள்ளையின் முழங்காலும்

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் போன செவ்வாய்க்கிழமை வந்தது. கிளினிக் முடிந்து வீட்டுக்கு வந்த கையோடு, சோற்றுக்கு முன் அதைத்தான் வாசித்தேன். அக்கரைப்பற்றுப் பக்கம் பெரும்போக வெட்டு தொடங்கிவிட்டது, சின்ன மகளுக்குக் கம்பஸ் கிடைத்துவிட்டது என்று எழுதியிருந்தாய். மகளிடம் என் வாழ்த்தைச் சொல். இங்கே எல்லோரும் சுகம். அம்மா மட்டும் மழைக்காலம் முழுக்க இருமிக்கொண்டிருந்தார், வெயில் வந்ததும் தேறிவிட்டார்.

கடிதத்தின் கடைசியில் நீ கேட்டிருந்த இரண்டு கேள்விகளும் இந்தக் கிழமை முழுக்க மனதில் கிடந்தன. ஒன்று உன் முழங்கால். மற்றது உன் வலைப்பந்து அணியில் விளையாடும் அந்தப் பிள்ளையின் முழங்கால். நீ இரண்டையும் வேறு வேறாகக் கேட்டிருக்கிறாய். எனக்கு இரண்டும் ஒரே கதையாகத்தான் தெரிகிறது.

இன்று வெபர் அடிகளாரின் பெயரில் இருக்கும் அந்த மைதானத்தில், 1986இல் நீ வலது ஓரமாகப் பந்தைக் கொண்டுபோனது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. உன்னை யாரும் இடிக்கவில்லை. உள்ளே வெட்டுவதற்காக வலது காலை ஊன்றித் திரும்பினாய், விழுந்தாய். பத்து யார் தள்ளி நின்ற எனக்கே அந்த ‘டக்’ கேட்டது. சைக்கிள் பாரில் இருத்தி வீடு கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் முழங்கால் தேங்காய் மாதிரி வீங்கிவிட்டது. மறுநாள் முறிவு வைத்தியர் வந்து பத்துப் போட்டார். மூன்று கிழமையில் வீக்கம் வற்றியது, நடந்தாய், சரிவந்துவிட்டது என்று நினைத்தோம். அடுத்த மாதம் மைதானத்தில் இறங்கி, ஒரு தடவை திரும்பினாய், கால் மடங்கி மறுபடி விழுந்தாய். அத்தோடு பூட்ஸைக் கழற்றியவன்தான்.

பல வருடம் கழித்து, மருத்துவபீடத்தில் ஒரு விரிவுரை. யாரும் மோதாமல், ஓடிவந்து காலை ஊன்றித் திரும்பும்போது ஒரு சத்தம், ஒன்றிரண்டு மணித்தியாலத்துக்குள் வீக்கம், பிறகு திரும்பும்போதெல்லாம் கால் நிற்காமல் மடங்குவது என்று விரிவுரையாளர் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போனார். நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன். அவர் சொன்னது உன் கதை. உனக்கு அன்று அறுந்தது ஏ.சி.எல். தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் முழங்காலுக்குள்ளே குறுக்காகப் பிடித்திருக்கும் நாண் அது. நீளம் ஏறத்தாழ மூன்று சென்டிமீட்டர், தடிப்பு ஒரு சுண்டுவிரல் அளவு. நேரே நடக்கிறவனுக்கு அது இல்லாத குறை பெரிதாகத் தெரியாது. ஓடிவந்து சட்டென்று நின்று திரும்புகிறவனுக்குத்தான் தெரியும்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். ‘முழங்காலில் ஓட்டை போட்டு உள்ளே கழுவிச் சுத்தம் பண்ணினால் நோ போகும்’ என்று ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள் என்கிறாய். நாண் அறுந்த முழங்கால் இருபது முப்பது வருடத்தில் தேய்வது நாங்கள் அடிக்கடி பார்ப்பதுதான். நீ அனுப்பிய எக்ஸ்ரேயில் உட்பக்க இடைவெளி ஒடுங்கியிருக்கிறது. அது தேய்மானம். அதைக் கழுவிப் போக்க முடியாது, மச்சான்.

இதை நான் என் அபிப்பிராயமாகச் சொல்லவில்லை. அமெரிக்காவின் ஹூஸ்டனில், முன்னாள் படைவீரர்களுக்கான ஆஸ்பத்திரி ஒன்றில் செய்த ஓர் ஆய்வு 2002இல் வெளிவந்தது. தேய்ந்த முழங்காலோடு வந்த 180 பேரை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு உள்ளே சுரண்டிச் சுத்தம் செய்தார்கள். இன்னொன்றுக்குக் கழுவல் மட்டும். மூன்றாவது பிரிவுக்குத் தோலில் மட்டும் கீறி, நோயாளிக்கு உண்மையான சிகிச்சை போலவே கேட்கட்டும் என்று தண்ணீர்ச் சத்தமும் எழுப்பி, தைத்து அனுப்பினார்கள். எல்லோரும் முன்கூட்டியே சம்மதித்து எழுதிக்கொடுத்தவர்கள். யாருக்கு எது நடந்தது என்று அவர்களுக்குத் தெரியாது. இரண்டு வருடம் பார்த்தார்கள். நோவிலும் நடையிலும் மூன்று பிரிவுக்கும் வித்தியாசம் இல்லை. 2013இல் வெளிவந்த பின்லாந்து ஆய்வு ஒன்றில் 146 பேரை வைத்து, முழங்கால் எலும்புகளுக்கிடையே மெத்தைபோல இருக்கும் சவ்வு தேய்ந்து கிழிந்தால் அதை வெட்டுவதையும் அதே மாதிரிப் பொய்ச் சிகிச்சையோடு ஒப்பிட்டார்கள். ஒரு வருடத்தில் அங்கேயும் அதே முடிவுதான்.

முதலாவது ஆய்வை வாசித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. நானும் அப்படி எத்தனையோ முழங்கால்களைக் கழுவியிருக்கிறேன். அவர்கள் சுகமாயிற்று என்று கை பிடித்து நன்றி சொல்லிப் போனார்கள், நானும் நம்பினேன். ஓட்டை வழியாக முழங்காலுக்குள் பார்க்கும் அந்தக் கருவியைக் குறை சொல்லவில்லை. 1918இல் டோக்கியோவில் கென்ஜி தக்காகி என்ற வைத்தியர், இறந்தவர் ஒருவரின் முழங்காலுக்குள் சிறுநீர்ப்பை பார்க்கும் குழாயைவிட்டுப் பார்த்தார். காசநோயால் விறைத்த முழங்காலோடு தரையில் இருக்க முடியாமல் தவித்த தன் நாட்டு மக்களுக்காகத்தான் அவர் அதைத் தொடங்கினார். சம்மணமிட்டுப் பாயில் இருந்து சாப்பிடுகிற நமக்கு அந்தத் தவிப்பு விளங்கும். சவ்வு மடிந்து பூட்டிக்கொண்ட முழங்காலுக்கும், புதிதாக நாண் போடுவதற்கும் இன்றைக்கும் அந்த வழிதான். ஆனால் உன் தேய்மானத்துக்கு அது வேண்டாம்.

நீ செய்ய வேண்டியது தொடையின் முன்தசையைப் பலப்படுத்துவது. கதிரையில் இருந்து காலை நீட்டி, பத்து எண்ணும்வரை பிடித்து இறக்கு. காலையும் மாலையும், ஒரு நாளும் தவறாமல். சைக்கிளை விடாதே. பிறகு உடம்பு. ஒரு கிலோ குறைத்தால், எடுத்து வைக்கும் ஒவ்வொரு அடியிலும் முழங்காலில் இறங்கும் சுமை நாலு கிலோ அளவு குறையும். ஒரு நாள் இரவெல்லாம் நோவால் தூக்கம் கெடுகிற நிலை வந்தால் அப்போது மூட்டு மாற்றுவதைப் பற்றிப் பேசுவோம். இன்றைக்கு அந்தப் பேச்சே தேவையில்லை.

சரி, உன் அணியில் விளையாடும் பிள்ளைக்கு வருகிறேன். இதைத்தான் நான் கூடுதலாக எழுத நினைத்தேன்.

பந்தைப் பிடித்துத் தரையிறங்கும்போது முழங்கால் உள்ளே மடிந்தது, சத்தம் கேட்டது, விளையாட்டு முடியுமுன்னே வீங்கிவிட்டது என்கிறாய். வலைப்பந்தில் பந்தைப் பிடித்தால் ஓட முடியாது, அந்த இடத்திலேயே நிற்க வேண்டும். பாய்ந்து வரும் முழு வேகத்தையும் ஒரு காலில் அடக்குகிற ஆட்டம் அது. ஒரே விளையாட்டை விளையாடும் ஆண்பிள்ளைகளைவிடப் பெண்பிள்ளைகளுக்கு ஏ.சி.எல். அறுந்துபோவது அதிகம். விளையாட்டில் அடிபட்டு உடனே வீங்கிய முழங்காலுக்குள் இருப்பது இரத்தம். அப்படி வருகிறவர்களில் பத்துப் பேரில் ஏழு பேரளவுக்கு ஏ.சி.எல். அறுந்திருக்கும். எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாக இருக்கிறது, ஒன்றும் இல்லை என்று அங்கே சொல்லி அனுப்பியது எனக்குக் கவலை. எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். எக்ஸ்ரேயில் நாண் தெரியாது, கையால் பிடித்து அசைத்துப் பார்க்க வேண்டும். பிறகு வீட்டில் சுடுஎண்ணெய் போட்டு உருவினார்கள் என்றும் எழுதியிருக்கிறாய். முதல் மூன்று நாளும் சூடும் உருவலும் கூடாது, உள்ளே கசிவு கூடும். இதை மற்றப் பிள்ளைகளின் அம்மாமாருக்கும் சொல்லிவை.

மாகாணமட்டப் போட்டிக்கு முன் ஒப்பரேஷன் செய்துவிடலாமா என்று கேட்கிறாய். மச்சான், இந்த வருடம் மட்டுமில்லை, அடுத்த வருடத் தொடக்கம்வரைகூட அந்தப் பிள்ளை போட்டிக்கு இல்லை என்று இப்போதே மனதை ஆற்றிக்கொள். அதை அவளிடமும் நீயே சொல்ல வேண்டும். நான் சொன்னால் அழுவாள். நீ சொன்னாலும் அழுவாள்தான், ஆனால் உன்னை நம்புவாள்.

ஒரு தவறைச் சொல்கிறேன், இதுவரை யாருக்கும் எழுதியதில்லை. படுவான்கரைப் பக்கத்துப் பொடியன் ஒருவன், கரப்பந்து விளையாடுகிறவன். தொடையின் பின்பக்க நாணை எடுத்து, நாலாக மடித்து, எலும்பில் துளையிட்டுப் புதிய ஏ.சி.எல். போட்டேன். நான் செய்தவற்றில் நல்ல ஒப்பரேஷன் என்று இன்றும் சொல்வேன். ஐந்தாம் மாதம் வந்தான், நோ இல்லை, வீக்கம் இல்லை, குந்தி எழும்பிக் காட்டினான். போட்டி வருகிறது சேர் என்றான். நான் தடுக்கவில்லை. மூன்றாவது ஆட்டத்தில் அறுத்துக்கொண்டு வந்தான்.

வைத்த நாண் உள்ளே உயிர்பிடிக்க வேண்டும். முதல் மாதங்களில் அது வைத்தபோது இருந்ததைவிட மெலிந்து, பிறகுதான் மெல்ல மெல்ல உரமாகும். அதற்கு ஒரு வருடம் போகும். நோ போவது அதற்கு வெகு முன்னாலேயே. 2016இல் வெளிவந்த ஒஸ்லோ ஆய்வு ஒன்றில், ஒன்பது மாதம் வரை விளையாட்டுக்குத் திரும்புவதைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும், முழங்கால் மறுபடி காயப்படுவது பாதியளவுக்குக் குறைந்ததாகக் கண்டார்கள். தசைப் பலம், ஒற்றைக்காலில் பாய்தல் போன்ற சோதனைகளில் மற்றக் காலின் 90 சதவீதமாவது வந்தபிறகு விளையாடியவர்களில் ஏறக்குறைய 6 சதவீதம்தான் மறுபடி அடிபட்டார்கள். தேறாமலே இறங்கியவர்களில் 38 சதவீதம். அந்த எண்களைப் பார்க்கும்போது எனக்கு அந்தப் பொடியனின் முகம்தான் வந்தது.

ஒப்பரேஷன் கட்டாயமா என்பதே இன்னும் பேச்சில் இருக்கிறது. 2010இல் வெளிவந்த சுவீடன் ஆய்வு ஒன்றில், ஏ.சி.எல். அறுந்த 121 இளம் வயதினரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு உடனே ஒப்பரேஷனும் பயிற்சியும். மறுபாதிக்கு முதலில் பயிற்சி மட்டும், கால் நிலைக்காவிட்டால் பிறகு ஒப்பரேஷன். இரண்டு வருடத்திலும் ஐந்து வருடத்திலும் இரு பாதியும் சமமாகவே இருந்தார்கள். ஐந்து வருடம் முடியும்போது, காத்திருந்தவர்களில் பாதிப் பேரளவுக்கு ஒப்பரேஷன் இல்லாமலே சமாளித்துவிட்டார்கள். பின்னர் அதே ஆட்களின் எம்.ஆர்.ஐ. படங்களை எடுத்துப் பார்த்தால், பயிற்சியோடு மட்டும் இருந்தவர்களில் பாதிப் பேருக்கு அறுந்த நாண் ஒட்டியமாதிரித் தெரிந்தது. அறுந்த ஏ.சி.எல். ஒருபோதும் ஒட்டாது என்றுதான் எங்களுக்குப் படிப்பித்தார்கள். உன்னுடையதை நினைத்துக்கொண்டேன். 1986இல் உனக்கு ஒழுங்கான பயிற்சி ஒன்று கிடைத்திருந்தால்!

ஆனாலும் அவர்கள் எல்லோரும் பதினெட்டு தாண்டியவர்கள். உன் பிள்ளைக்குப் பதினாறு, இன்னும் பல வருடம் பாய்ந்து திரும்ப ஆசைப்படுகிறாள். கால் நிலைக்காமல் அடிக்கடி மடங்கினால் சவ்வும் கிழியும், அது அவளுடைய முப்பதாம் வயது முழங்காலைக் கெடுக்கும். ஆகவே அவளை நேரே பார்த்து, எம்.ஆர்.ஐ. எடுத்து, எலும்பு நீண்டு வளரும் இடமான வளர்தட்டு மூடிவிட்டதா என்றும் பார்த்துத்தான் முடிவு சொல்வேன். எந்த முடிவானாலும் பயிற்சி இன்றைக்கே தொடங்கட்டும்: வீக்கத்தை இறக்குவது, காலை முழுவதும் நிமிர்த்துவது, முன்தசையை எழுப்புவது.

என் உண்மையான கவலை இங்கேதான். ஒப்பரேஷனுக்கு ஒன்றரை மணித்தியாலம், அதை நாங்கள் செய்துவிடுவோம், காசும் இல்லை. அதற்குப் பிறகு வரும் ஒன்பது மாதத்துக்கு யார் பொறுப்பு? வாவியின் மறுகரையிலிருந்து ஒரு பிள்ளை பாதைப் படகில் ஏறிக் கடந்து, பஸ் பிடித்து, பயிற்சிச் சிகிச்சை தரும் பிசியோவிடம் கிழமைக்கு இரண்டு முறை வர வேண்டும். தாய் கூலிக்குப் போகிறவர் என்றால் அன்றையச் சம்பளம் போயிற்று. மூன்றாவது கிழமையோடு வரவு நின்றுவிடும். நானும் பிசியோக்களும் இதைப் பேசாத நாளில்லை. எங்களால் ஊருக்கு ஊர் வர முடியாது. ஆனால் ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலும் உன்னைப்போல ஒருவர் இருக்கிறார். பிசியோ எழுதிக்கொடுக்கும் பயிற்சியை உன் கண்முன்னால் தினமும் இருபது நிமிடம் அவள் செய்தால், மாதம் ஒருமுறை எங்களிடம் வந்தால் போதும். இதை நீ செய்வாயா?

அதோடு இன்னொன்றும் கேட்கிறேன். மற்றப் பிள்ளைகளுக்கு அறாமல் பார்ப்பது. உலக உதைபந்து அமைப்பான பீஃபா 2006இல் கொண்டுவந்த ‘11 பிளஸ்’ என்ற உடல் சூடேற்றும் பயிற்சி இருக்கிறது. பதினைந்து பயிற்சிகள், இருபது நிமிடம். மெதுவான ஓட்டம், பிறகு பலமும் பாய்ச்சலும் சமநிலையும், கடைசியில் வேக ஓட்டம். 2008இல் வெளிவந்த நோர்வே ஆய்வு ஒன்றில் 13 முதல் 17 வயதுவரையான 1,892 பெண்பிள்ளைகளை ஒரு பருவம் முழுக்கப் பார்த்தார்கள். இதைச் செய்த அணிகளில் காயங்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தன, பெரிய காயங்கள் பாதிக்குக் கிட்டக் குறைந்தன. உதைபந்துக்கென்று செய்ததானாலும் வலைப்பந்துப் பிள்ளைக்கும் பாய்ந்து இறங்குவது ஒன்றுதானே. இறங்கும்போது முழங்கால் வளைய வேண்டும், இரண்டு முழங்காலும் உள்ளே போய் முட்டக்கூடாது, பாத விரலுக்கு நேரே நிற்க வேண்டும். நீ ஓரத்தில் நின்று பார்த்தாலே எந்தப் பிள்ளை தவறாக இறங்குகிறாள் என்று கண்டுபிடித்துவிடுவாய். உன் கண் அப்படி.

மைதானம் இரண்டு தடவை சுற்றி ஓடவிட்டு, கையைக் காலை நீட்டி மடக்கி, நேரே போட்டிக்கு இறக்குவதுதான் இன்னும் எங்கும் நடக்கிறது. தை பிறந்தால் பள்ளிக்கூடங்களில் இல்ல விளையாட்டுப் போட்டி. மழையில் ஊறிய மைதானம் அப்போதுதான் காய்ந்து குண்டும் குழியுமாக இறுகியிருக்கும். மூன்று மாதமாக ஓடாத பிள்ளைகளை இரண்டு கிழமையில் தயார்படுத்துவார்கள். பங்குனி முடியுமட்டும் என் கிளினிக் பள்ளிக்கூடச் சட்டைகளால் நிறைந்துவிடுகிறது.

வரும் வியாழக்கிழமை காலை எட்டு மணிக்குப் பிள்ளையைத் தாயோடு அனுப்பு. ஊன்றுகோலோடு வரட்டும், பஸ்ஸில் அவளுக்கு இருக்க இடம் பிடித்துக்கொடுக்க யாராவது பெரியவர் கூட வர வேண்டும். முதலில் எடுத்த எக்ஸ்ரேயும் கையில் இருக்கட்டும். அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை எனக்கு விடுமுறை. எங்கள் பிசியோ ஒருவரையும் கூட்டிக்கொண்டு அக்கரைப்பற்றுக்கு வருகிறேன். அயல் பள்ளிக்கூட விளையாட்டு ஆசிரியர்களையும் பின்னேரம் மூன்று மணிக்கு மைதானத்துக்கு வரச் சொல். அந்தப் பதினைந்து பயிற்சியையும் புல்லில் நின்று செய்து பார்ப்போம். உன் முழங்காலையும் அன்றைக்கே பிடித்துப் பார்க்கிறேன், அதுவரை கதிரைப் பயிற்சியை விடாதே.

மச்சாளுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

இப்படிக்கு,
உன் பழைய கூட்டாளி