ரிவ்யூவைச் சலிக்கும் வேலை யாருடையது? முன்பதிவுத் தளங்களுக்கு ஒரு திறந்த மடல்

தங்கும் விடுதிகளுக்கான முன்பதிவுத் தளங்களையும் ரிவ்யூ தளங்களையும் நடத்துவோருக்கு,

வணக்கம்.

தெரியாத ஊரில் அறை தேடுகிறவருக்கு உங்கள் பக்கத்தில் கிடைப்பது படம், விலை, ரிவ்யூ. படம் விடுதிக்காரர் எடுத்தது. விலை அவர் வைத்தது. மிச்சமிருக்கும் ரிவ்யூ ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் நாங்கள் முடிவெடுக்கிறோம். அதில் எது நிஜம், எது காசு கொடுத்து எழுதியது என்று துப்பறியும் வேலையையும் எங்கள் தலையில் கட்டிவிட்டீர்கள். நிறைய ஆச்சரியக்குறி இருந்தால் சந்தேகப்படு, எழுதியவரின் பழைய ரிவ்யூக்களைப் பார் என்று அறிவுரைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அந்த வேலை எங்களால் ஆகாது. உங்களால்தான் ஆகும்.

வீம்புக்குச் சொல்லவில்லை. 2011-ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். சிகாகோவில் உள்ள 20 விடுதிகளைப் பற்றி டிரிப்அட்வைசர் என்ற ரிவ்யூ தளத்தில் வந்திருந்த 400 பாராட்டு ரிவ்யூக்களை எடுத்துக்கொண்டார்கள். அதே விடுதிகளைப் பாராட்டி 400 பொய் ரிவ்யூக்களைக் கூலி கொடுத்து எழுதி வாங்கினார்கள். இரண்டிலிருந்தும் ஒரு பகுதியைக் கலந்து மூன்று பேரிடம் கொடுத்து, பொய்யைப் பிரிக்கச் சொன்னார்கள். அதில் கெட்டிக்காரர்கூட நூற்றுக்கு 62-தான் வாங்கினார். மற்ற இருவரும் நாணயத்தைச் சுண்டிவிட்டுச் சொல்லியிருந்தாலும் ஏறக்குறைய அதே மார்க்தான் வந்திருக்கும். அவர்கள் எழுதிய கணினி நிரலோ 90 சதவீதம் அளவுக்குச் சரியாகப் பிரித்தது.

நிரலுக்கு எது துப்புக் கொடுத்தது என்பது சுவாரசியமானது. உண்மையில் தங்கியவர்கள் பாத்ரூம், அறையின் அளவு, இருப்பிடம் என்று இடத்தைப் பற்றி அதிகம் பேசினார்கள். பொய்யர்கள் யாரோடு வந்தோம், எதற்கு வந்தோம் என்று கதை சொன்னார்கள். பார்க்காத அறையைப் பற்றி வேறு என்னத்தைச் சொல்வது! ஆனால் அது அந்தக் காலம். இன்று செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் பாத்ரூம் குழாய் சொட்டுவதுவரை சேர்த்து எழுதித் தந்துவிடும். எழுத்தை வைத்து ஆளைப் பிடிக்கும் வழி எங்களுக்கு அடைபட்டுவிட்டது என்றே நினைக்கிறேன்.

உங்கள் கையில் இருப்பது எழுத்து மட்டுமல்ல. ரிவ்யூ எழுதியவரின் கணக்கு உங்கள் தளத்தில் எப்போது தொடங்கப்பட்டது, எந்தச் சாதனத்திலிருந்து வந்தது, ஒரே ஆள் எத்தனை பெயரில் எழுதுகிறார், முக்கியமாக, அவர் காசு கட்டித் தங்கினாரா இல்லையா என்பதெல்லாம் உங்களில் பலருக்குத் தெரியும். இந்தக் கடைசி விஷயம் எவ்வளவு பெரியது என்பதற்கு ஓர் ஆய்வு இருக்கிறது. டினா மேஸ்லின், யானிவ் டோவர், ஜூடித் செவாலியர் ஆகிய மூவரும் யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய டிரிப்அட்வைசரையும், புக் செய்தவர் மட்டுமே எழுதக்கூடிய எக்ஸ்பீடியா என்ற முன்பதிவுத் தளத்தையும் ஒப்பிட்டு 2014-ல் வெளியிட்டார்கள். சொந்தமாக ஒரே ஒரு விடுதி வைத்திருப்பவருக்குப் பொய் எழுத ஆசையும் அதிகம், மாட்டினால் இழப்பும் குறைவு என்பது அவர்கள் கணிப்பு. அப்படியே இருந்தது. அத்தகைய விடுதிகளுக்கு எக்ஸ்பீடியாவைவிட டிரிப்அட்வைசரில் ஐந்து நட்சத்திர ரிவ்யூக்கள் கூடுதலாக விழுந்திருந்தன. அவற்றின் பக்கத்து விடுதிகளுக்கு ஒரு நட்சத்திர, இரண்டு நட்சத்திர ரிவ்யூக்கள் கூடுதலாக விழுந்திருந்தன. தன்னைப் புகழ்வது ஒரு பக்கம், அண்டை வீட்டுக்காரரைத் திட்டுவது இன்னொரு பக்கம்.

ஆகவே முதல் கோரிக்கை: யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று வைத்திருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் தங்கியதற்குச் சான்று உள்ளவரையும் இல்லாதவரையும் ஒரே சராசரியில் போட்டுக் கலக்காதீர்கள். இரண்டு மதிப்பெண்ணாகக் காட்டுங்கள். இரண்டுக்கும் நடுவே பெரிய இடைவெளி இருந்தால் அதுவே எங்களுக்குப் போதும்.

தங்கியவரெல்லாம் உண்மை சொல்லிவிடுவார்களா என்றால், அதுவும் இல்லை. செக்-அவுட் நேரத்தில் ரிசப்ஷனில் இருக்கும் பையன் சிரித்த முகத்தோடு, "சார், ஒரு ஃபைவ் ஸ்டார் போட்டுடுங்க" என்று எதிரிலேயே நிற்கும்போது எத்தனை பேர் மூன்று போடுவார்கள்? காலை உணவு இலவசம், அடுத்த முறை தள்ளுபடி என்று ஆசை காட்டுவதும் நடக்கிறது. அது போலி ரிவ்யூ அல்ல, ஆனாலும் விலைக்கு வாங்கியது. இன்னொரு பக்கம், அறையை மாற்றிக் கொடுக்காவிட்டால் ஒற்றை நட்சத்திரம் போடுவேன் என்று மிரட்டும் விருந்தினர்களும் உண்டு. விடுதிக்காரர்களின் அந்தப் புலம்பலில் நியாயம் இருக்கிறது.

சராசரி எண் என்பதே பெரும்பாலும் ஏமாற்றுத்தான். புக்கிங்.காமில் பல ஆண்டுகள் பத்துக்கு இவ்வளவு என்று மதிப்பெண் காட்டினார்கள். ஆனால் எல்லாவற்றிலும் மிக மோசம் என்று அழுத்தினாலும் கணக்கு 2.5-க்குக் கீழே போகாது. பூஜ்யத்திலிருந்தோ ஒன்றிலிருந்தோ தொடங்குகிறது என்று நினைத்துத்தானே நாங்கள் 7 என்ற மதிப்பெண்ணைப் பார்த்திருப்போம்? அந்த முறையைப் பின்னர் மாற்றினார்கள். வீடுகளை வாடகைக்கு விட உதவும் ஏர்பிஎன்பி தளத்தில் விருந்தினரும் வீட்டுக்காரரும் ஒருவரை ஒருவர் மதிப்பிடுகிறார்கள். 2015-ல் வந்த ஓர் ஆய்வின்படி அங்கே ஏறக்குறைய 95 சதவீத இடங்களுக்கு நாலரையோ ஐந்தோ நட்சத்திரம். அதே ஆய்வில் டிரிப்அட்வைசர் விடுதிகளின் சராசரி 3.8. ஒரு தளத்தின் 4.5-ஐ இன்னொரு தளத்தின் 4.5-ஓடு ஒப்பிடவே முடியாது. எண்ணுக்குப் பக்கத்தில் "எங்கள் தளத்தில் பாதி விடுதிகள் இதைவிட அதிகம் வாங்கியிருக்கின்றன" என்று ஒரு வரி போடுவதில் என்ன கஷ்டம்?

எங்களுக்கு உண்மையில் உதவுவது எது என்று சொல்கிறேன். வெவ்வேறு ஆட்கள், மாதக்கணக்கான இடைவெளியில், ஒரே குறையைச் சொல்வது. மார்ச்சில் ஒருவர், ஜூனில் ஒருவர், அக்டோபரில் ஒருவர் வெந்நீர் வரவில்லை என்று எழுதியிருந்தால், "அருமை, அற்புதம்" என்ற நாற்பது வரிகள் எனக்கு வேண்டாம். நடுவில் இருக்கும் மூன்று நட்சத்திர ரிவ்யூக்களைத்தான் நான் முதலில் படிப்பேன்; அவர்களுக்குக் கோபமும் இல்லை, கைம்மாறும் இல்லை. அப்புறம் விடுதியின் பதில்கள். எல்லாருக்கும் "தங்கள் அன்பான கருத்துக்கு நன்றி" என்று ஒட்டியிருந்தால் அங்கே யாரும் படிக்கவில்லை என்று அர்த்தம். "அந்த அறைக்குக் கீழே ஜெனரேட்டர் இருக்கிறது, இனிப் பின்பக்க அறைகளையே முதலில் கொடுக்கிறோம்" என்று எழுதுகிற விடுதியில் குறை இருந்தாலும் நான் தங்குவேன்.

நீங்களோ இதை எல்லாம் மறைக்கும் திசையில் போகிறீர்கள். புதியது முதலில் என்ற வரிசையைத் தேடிப் பிடித்து அழுத்த வேண்டியிருக்கிறது. இப்போது மேலே செயற்கை நுண்ணறிவுச் சுருக்கம் வேறு: "விருந்தினர்கள் இருப்பிடத்தைப் பாராட்டுகிறார்கள், சிலர் தூய்மையைக் குறிப்பிடுகிறார்கள்." அந்தச் சிலர் குறிப்பிட்டது மூட்டைப்பூச்சி! ஒவ்வொரு புக்கிங்கிலும் உங்களில் பலருக்குக் கமிஷன் உண்டு என்பதை நினைத்தால், இந்த மென்மை தற்செயலாகத் தோன்றவில்லை.

சட்டங்களும் வரத்தான் செய்கின்றன. ரிவ்யூ எழுதியவர் நிஜ வாடிக்கையாளர்தானா என்று சரிபார்க்கிறீர்களா, எப்படிச் சரிபார்க்கிறீர்கள் என்று சொல்லியாக வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 மே முதல் விதி. அமெரிக்காவில் போலி ரிவ்யூவை விற்பதற்கும் வாங்குவதற்கும் 2024 அக்டோபரிலிருந்து தடை. சட்டம் கேட்கும்வரை காத்திராமல் நீங்களே செய்யக்கூடியது ஒன்று உண்டு. 2022-ல் தனக்கு வந்த சுமார் 3 கோடி ரிவ்யூக்களில் 13 லட்சம் போலி என்று டிரிப்அட்வைசரே அறிவித்தது. நல்லது. அந்த 13 லட்சமும் எந்தெந்த விடுதிகளுக்காக எழுதப்பட்டவை? ஒவ்வொரு விடுதியின் பக்கத்திலும், மதிப்பெண்ணுக்குக் கீழேயே, கடந்த ஓராண்டில் எத்தனை ரிவ்யூக்களை நீக்கினீர்கள், அவற்றில் எத்தனை புகழ்ந்தவை, எத்தனை திட்டியவை என்று போடுங்கள். நீக்கியது நீங்கள்தான் என்பதால் கணக்கு உங்களிடம் தயாராகவே இருக்கும்.

இப்படிக்கு,
ரிவ்யூக்களைக் கடைசிப் பக்கம்வரை படிக்கும் ஒரு பயணி