அது ஒரே படம் இல்லை, ஐயா

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் பழைய படக்காட்டிக் கருவிகள் பற்றிய கட்டுரையில், ஸ்டீரியோஸ்கோப் என்னும் இரட்டை லென்ஸ் கருவியில் வைத்துப் பார்க்கும், அருகருகே இரண்டு படங்கள் கொண்ட நயாகரா அருவி அட்டையைப் போட்டு, கீழே "ஒரே படம் இரண்டு முறை இருந்ததால் ஒன்றை மட்டும் வெளியிட்டுள்ளோம்" என்று எழுதியிருக்கிறீர்கள். நாலு நாளாக அந்த வரி தொண்டையில் மீன்முள் மாதிரி நிற்கிறது.

அது ஒரே படம் இல்லை, ஐயா. ஒன்று இடது கண் பார்ப்பது, இன்னொன்று வலது கண் பார்ப்பது. அந்தச் சின்ன வித்தியாசத்தை வைத்துத்தான் எது கிட்டே, எது தூரத்தில் என்று மூளை பிரித்தறிகிறது என்பதை 1838இல் லண்டனில் சார்லஸ் வீட்ஸ்டன் இரண்டு நிலைக்கண்ணாடிகளை வைத்தே காட்டிவிட்டார். தங்களுக்குத் தெரியாததா? ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோத்துப் பாருங்கள்.

எங்கள் தாத்தா மூர் மார்க்கெட்டில் வாங்கிவந்த ஸ்டீரியோஸ்கோப் இன்னும் என்னிடம் இருக்கிறது. மரக் கைப்பிடி, ஒரு லென்ஸின் ஓரத்தில் கீறல். என்னிடமும் ஒரு நயாகரா அட்டை உண்டு. ஆறு வயதில் முதன்முதலாகப் பார்த்தபோது, முன்னால் நீட்டிக்கொண்டிருந்த மரக்கிளை மூக்கில் இடித்துவிடும் என்று தலையைப் பின்னுக்கு இழுத்தேன். போன வாரம் என் பேத்தியும் அதையே செய்தாள். அப்புறம் ஒரு பாதியைக் கையால் மறைத்துக் காட்டினேன். "வெறும் படம்தானே தாத்தா" என்று கீழே வைத்துவிட்டாள். நீங்கள் அச்சிட்டது அந்த வெறும் படத்தைத்தான்.

இது முதல் தடவையும் இல்லை. முன்பு ஒருமுறை ஸ்டீரியோஸ்கோப்பில் படம் ஓடும் என்று எழுதினீர்கள். ஓடாது. அசைவதுபோலத் தோன்றியது பெல்ஜியத்தின் ஜோசப் பிளாட்டோ 1832இல் செய்த பெனாகிஸ்டிஸ்கோப் என்னும் சுழலும் படத் தட்டிலும், அதன் பின் வந்த சோட்ரோப் என்னும் சுழல் உருளையிலும். அப்போதே இரண்டு பக்கம் எழுதி அனுப்பினேன், பதில் இல்லை. இன்னொரு இதழில், திருப்பத் திருப்பக் கோலம் மாறும் கெலைடாஸ்கோப் குழாயால் அதைக் கண்டுபிடித்த டேவிட் ப்ரூஸ்டர் பெரும் பணம் சேர்த்தார் என்று வந்தது. 1817இல் காப்புரிமை வாங்கியும் போலிகளைத் தடுக்க முடியாமல் நின்ற மனிதர் அவர். சரி, அதையும் பொறுத்துக்கொண்டேன். இப்போது ஸ்டீரியோஸ்கோப்புக்கென்றே ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் பெயரையே விட்டுவிட்டீர்கள். கையில் பிடித்துப் பார்க்கும் மலிவான வடிவத்தை 1861 வாக்கில் செய்து, காப்புரிமை கேட்காமல் விட்டவர். அதனால்தான் யார் வேண்டுமானாலும் செய்து விற்க முடிந்தது, எங்கள் தாத்தா கைக்கும் ஒன்று வந்து சேர்ந்தது.

அடுத்த இதழில் இரண்டு பாதிகளையும் அருகருகே, அட்டையின் அசல் அளவான ஏழு அங்குல அகலத்தில் போடுங்கள். மறு பாதி உங்களிடம் இல்லையென்றால் என் அட்டையை நானே நேரில் கொண்டுவந்து தருகிறேன். படம் எடுத்துக்கொண்டு அன்றைக்கே திருப்பித் தந்துவிட வேண்டும்.

தங்கள் நெடுநாள் வாசகன்,
சென்னை